திரை விழாத ஃபொன்டெஸா

அம்மாவுக்கு இரவு ஒன்பதரை மணிக்குமேல் வீட்டில் எந்தச் சத்தமும் ஆகாது. மின்விசிறி கிறீச்சிட்டால்கூடக் காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் சொல்வார். எனக்கோ வேலை ஓடுவதே அந்த நேரத்தில்தான். புரூஃப் திருத்துவது என் தொழில். பகலில் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒற்றுப்பிழைகள் இரவில் வரிசையாக வந்து மாட்டும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஏதாவது மெல்லக் காதில் விழுந்துகொண்டிருக்க வேண்டும். பாட்டு வைத்தால் திருத்துகிற வரியும் பாடுகிற வரியும் முட்டிக்கொள்ளும். ஹெட்ஃபோன் போட்டால் அம்மா கூப்பிடுவது கேட்காது. சொல் இல்லாத, எவ்வளவு சத்தம் குறைத்தாலும் தேய்ந்துபோகாத இசை வேண்டும். முப்பது வருடங்களுக்கும் மேலாக எனக்கு அது மாடர்ன் ஜாஸ் குவார்டெட் என்ற அமெரிக்க நால்வர் குழு.

மற்ற ஜாஸ் எதையும் இப்படிக் கேட்க முடியவில்லை. முயன்று பார்த்தேன். டிரம்பெட்டையும் சாக்ஸபோனையும் சன்னமாக வைத்தால் அடுத்த தெருக் கல்யாணம் போல ஆகிவிடுகிறது. இந்த நால்வரிடம் ஊதுகருவியே கிடையாது. பியானோவில் ஜான் லூயிஸ், வைப்ரஃபோனில் மில்ட் ஜாக்சன், பேஸில் பெர்சி ஹீத், டிரம்ஸில் கானி கே. ஊதுகருவி இல்லாமல் போனதற்கு ஒரு காரணமும் உண்டு. 1946-இல் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய வாத்தியக் குழுவில் டிரம்பெட்காரர்களுக்கு உச்ச ஸ்வரங்கள் ஊதி ஊதி உதடு நொந்துபோகும். அவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ள, பின்னால் உட்கார்ந்திருந்த நான்கு பேர் மட்டும் கொஞ்ச நேரம் வாசிப்பார்கள். லூயிஸ், ஜாக்சன், டிரம்ஸில் கென்னி கிளார்க், பேஸில் ரே பிரவுன். அந்த இடைவேளைதான் வளர்ந்து 1952-இல் தனிக் குழுவாயிற்று. அதற்குள் பேஸ் பெர்சி ஹீத்தின் கைக்கு வந்துவிட்டது. 1955-இல் கிளார்க் விலகி கானி கே வந்தார். அதன்பின் 1974 வரை ஆள் மாறவில்லை.

ஆரம்ப நாட்களில் மதுவிடுதிகளில் வாசிக்கும்போது கூட்டம் சத்தமாகப் பேசினால் இவர்கள் போட்டிக்குச் சத்தத்தை ஏற்றாமல் இன்னும் குறைத்துவிடுவார்களாம். பேசுகிறவர்களுக்குத் தங்கள் குரலே பெரிதாகக் கேட்டு, கூச்சப்பட்டு, வாயை மூடிக்கொள்வார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “புத்தியுள்ள பிள்ளைகள்” என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு இந்த இசை கிடைத்தது ஒரு கேசட்டில். 1991-ஆம் ஆண்டு, தூத்துக்குடியில் இருந்தோம். எதிர்வீட்டு மாமா சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். போகிற துறைமுகங்களில் இசைத்தட்டு வாங்கிவந்து வீட்டில் கேசட்டில் பதிந்துவைப்பார். ஒருநாள் ஒரு கேசட்டை என்னிடம் நீட்டி, “படிக்கிற பிள்ளை, இதைக் கேள்” என்றார். அட்டையில் நீல மையில் எம்ஜேக்யூ என்று மட்டும் எழுதியிருந்தது. எம்ஜிஆர் போல யாரோ ஒரு பெரிய மனிதரின் முதலெழுத்துகள் என்றே பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பாட்டுக்கும் பெயர் இல்லை. கேட்டபோது வாய்வழியாகச் சில பெயர்கள் சொன்னார். அதில் ஒன்று கான்கார்ட். ஆகாய விமானத்தைப் பற்றிய இசை என்று முடிவு கட்டிக்கொண்டு, அது ஓடுதளத்தில் ஓடி மேலே ஏறுவதையெல்லாம் அந்த மூன்றரை நிமிடத்துக்குள் கேட்டு ரசித்தேன். விமானம் முதன்முதலில் பறந்தது 1969-இல். லூயிஸ் எழுதியது 1955-இல், பாரிஸ் நகரத்துச் சதுக்கத்தின் பெயரை வைத்து. 

அவருக்குப் பாரிஸ் பைத்தியம். 1952-இல் வாண்டோம், 1955-இல் கான்கார்ட், 1956-இல் வெர்சாய் என்று மூன்று ஃபியூக்குகளுக்கும் அந்தப் பக்கத்து இடப்பெயர்கள்தான். ஃபியூக் என்பது பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் காலத்து ஐரோப்பியக் கட்டுமானம். ஒரு குரல் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும். உடனே இரண்டாவது குரல் அதே வாக்கியத்தை வேறு ஸ்தாயியில் எடுக்கும். முதல் குரல் அப்போது வாயை மூடிக்கொள்வதில்லை. இரண்டாவதின் மேல் இடித்துக்கொள்ளாத வேறொன்றைச் சொல்லிக்கொண்டே போகும். பிறகு மூன்றாவது குரல். எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் அது சண்டை. இங்கே மூவர் பேசுவதும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. பாக்கிடம் எல்லா ஸ்வரமும் தாளில் எழுதியாகிவிட்டிருக்கும். லூயிஸோ அந்த வாக்கியம் நுழையும் இடங்களை மட்டும் எழுதிவிட்டு நடுவில் இடம் விட்டுவைப்பார். அந்த இடத்தை ஜாக்சன் அந்தந்த நேரத்தில் தோன்றியபடி நிரப்புவார். அடியில் பேஸும் டிரம்ஸும் ஜாஸ் நடையைக் கைவிடாமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அது பாடப்புத்தகம் போல விறைத்துக்கொள்ளாமல் இருக்கிறது.

மாமா கொடுத்த கேசட்டில் ஒரு கோளாறு இருந்தது. முதல் பக்கத்தின் கடைசியில் ஃபொன்டெஸா என்ற பதினொரு நிமிடப் படைப்பு. அது முடிவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் முன்பு நாடா தீர்ந்து ‘டக்’ என்று நின்றுவிடும். அதுதான் முடிவு என்று நினைத்தேன். நவீன இசை, அப்படித்தான் முடிப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். ஏழு வருடம் அந்த ‘டக்’கைக் கேட்டேன்.

1998-இல் சிங்கப்பூரில் இருந்து அக்கா மகன் குறுந்தகடு வாங்கிவந்தான். அட்டைக்குறிப்பைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஃபொன்டெஸா ஒரு நாடகம். இத்தாலியில் மறுமலர்ச்சிக் காலத்தில் கமேடியா தெல்லார்ட்டே என்று ஒரு நாடக வகை இருந்தது. கதைக்கு எலும்புக்கூடு மட்டும் உண்டு, வசனம் கிடையாது. முகமூடி போட்ட நடிகர்கள் மேடையில் நின்றபடியே பேச்சைக் கட்டிக்கொள்ள வேண்டும். மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கிருந்தோ வந்த ராஜபார்ட்டும் எங்கிருந்தோ வந்த ஸ்திரீபார்ட்டும் ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் முதன்முதலில் சந்திப்பார்கள். விடியும்வரை வள்ளி திருமணம் நடக்கும். ஜாஸும் அதே சங்கதிதான் என்று லூயிஸுக்குப் பட்டிருக்கிறது. திரையைத் தூக்க ஒரு சின்ன முன்னிசை. பிறகு மூன்று பாத்திரங்கள். பழைய ஜாஸ் சாயலில் ஹார்லெக்வின். அங்கே கற்பனைக்கு உரிமை வைப்ரஃபோனுக்கு. கொஞ்சம் பிற்காலத்துச் சாயலில் பியரோ. அது பியானோவின் முறை. இன்னும் புதிய சாயலில் பான்டலூன். அது டிரம்ஸின் கை. மூன்றே ஸ்வரங்களாலான ஒரு துணுக்கு எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் முன்னிசை திரும்ப வந்து திரையை இறக்கும்.

அந்தத் திரை விழுவதுதான் என் கேசட்டில் இல்லாமல் போனது. ஏழு வருடமாக என் வீட்டில் பான்டலூன் மேடையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

குறுந்தகட்டில் முதன்முறை முழுதாகக் கேட்டபோது ஏமாற்றமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்தது ஆரம்பத்தில் கேட்ட அதே மெல்லிய இசை. வைப்ரஃபோன் பட்டைகள் நடுங்கி, நடுக்கம் தேய்ந்து, அடங்கியது. இதற்காகவா ஏழு வருடம் என்று தோன்றியது. அந்த முடிவு எனக்குப் பிடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

வைப்ரஃபோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலோகப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய் வைத்திருப்பார்கள். குழாயின் வாயில் வட்டத் தகடு ஒன்று மோட்டாரால் சுழன்றுகொண்டே இருக்கும். தகடு திறக்கும்போது நாதம் பெருகும், மூடும்போது குறையும். அதனால்தான் அந்த அலை. அந்தக் காலத்தில் புகழ்பெற்றிருந்த லயனல் ஹாம்ப்டன் அதை வினாடிக்குப் பத்துச் சுற்று என்ற வேகத்தில் ஓட்டினார். ஜாக்சன் மூன்று சொச்சத்துக்கு இறக்கிவிட்டார். இந்த ஒரு சின்னத் திருகலில் கருவியின் குணமே மாறிவிட்டது. அவர் ஒரு ஸ்வரத்தை அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டால், அது பாடகர் மூச்சை விடாமல் ஒரு வார்த்தையின் கடைசியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் அசையும். டெட்ராய்ட்காரர், சிறு வயதில் தேவாலயப் பாட்டில் ஊறியவர். அந்தப் பாட்டு அவருடைய உலோகப் பட்டையிலும் இறங்கிவிட்டது. அம்மா முதன்முதலில் கேட்டுவிட்டுச் சொன்னது: “யாரோ ஜலதரங்கம் வாசிக்கிறார்கள், தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார்கள்.”

ஜாக்சனை லூயிஸ் கூண்டில் அடைத்துவிட்டார் என்று அந்த நாளிலிருந்தே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. லூயிஸ் நியூ மெக்சிகோவில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் படித்து, குழு தொடங்கிய பின்னும் மன்ஹாட்டன் இசைப்பள்ளியில் முதுகலை முடித்தவர். நால்வருக்கும் கறுப்புக் கோட்டு, போ டை. கச்சேரி அரங்கில் வெள்ளைக்காரச் சிம்பொனிக்காரர்களுக்குக் கிடைக்கும் மரியாதை எங்களுக்கும் வேண்டும் என்பது அந்த உடையிலேயே இருந்தது. இந்தக் கண்ணியத்துக்குள் ஜாக்சனின் புளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பர்களின் துயரப் பாட்டு, மூச்சுத் திணறியது என்பார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஜாக்சன் மற்றவர்களோடு வாசித்த தட்டுகளும் கேட்டிருக்கிறேன். அங்கே தாராளமாக, அழகாக, நிறைய வாசிக்கிறார். இங்கே அவருக்கு ஒரு சந்துதான் கிடைக்கிறது. அந்தச் சந்துக்குள் அவர் திரும்புகிற திருப்பம் அகல வீதியில் வராது. தவிர, அவர் வாசிக்கும்போது பின்னால் லூயிஸ் செய்வதைக் கவனிக்க வேண்டும். மற்ற பியானோக்காரர்கள் கொத்துக் கொத்தாக ஸ்வரங்களை அள்ளிப்போடுவார்கள். லூயிஸ் ஒற்றை விரலால் குறுக்கே ஒரு சின்ன வரி ஓட்டுவார், நிறுத்துவார். கமா வேண்டிய இடத்தில் கமா, அவ்வளவுதான். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குணம் என்று தெரியும்.

இதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமானால் 1954 டிசம்பரில் பதிவான ஜாங்கோ போதும். முந்தைய ஆண்டு இறந்துபோன கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு அஞ்சலியாக லூயிஸ் எழுதியது. தொடக்கம் இறுதி ஊர்வலம் போல நிதானம். அப்புறம் திடீரென்று நடை பிடித்துக்கொள்கிறது, ஜாக்சன் கிளம்புகிறார். துக்க வீட்டில் சாயங்காலம் நான்கு பேர் உட்கார்ந்து, போனவரைப் பற்றிச் சிரித்துப் பேச ஆரம்பிப்பார்களே, அந்த மாதிரி. கடைசியில் ஊர்வல இசை மறுபடியும் வந்து எல்லாரையும் எழுப்பிக் கூட்டிப்போய்விடும்.

கானி கேயைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஃபொன்டெஸாவுக்கு இரண்டு வருடம் முன்புதான் பிக் ஜோ டர்னரின் ஷேக், ராட்டில் அண்ட் ரோல் பாட்டுக்கு டிரம்ஸ் அடித்தவர். ராக் அண்ட் ரோலின் தொடக்கம் என்று சொல்கிற பாட்டுகளில் அதுவும் ஒன்று. அதே கைதான் இங்கே முக்கோண மணியையும் விரலளவு ஜால்ராவையும் தொட்டுத் தொட்டு வாசிக்கிறது. (ஜால்ரா என்ற சொல்லுக்கு நாம் கொடுத்துவிட்ட இன்னொரு அர்த்தம் இவருக்குப் பொருந்தாது. யாரையும் முந்தவும் மாட்டார், யாருக்கும் பின்பாட்டும் பாட மாட்டார்.) சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கும்போது கடைசியாக மறைவது அவருடைய அந்த மணிதான்.

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டிருக்க முடியாது. 1957-இல் கன்தர் ஷூலர் என்ற இசையமைப்பாளர் ஜாஸும் ஐரோப்பியச் செவ்வியலும் சேர்ந்த இசைக்கு மூன்றாவது ஓட்டம் என்று பெயர் வைத்தார். அந்த உற்சாகத்தில் இவர்கள் 1960-இல் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவோடு பதிவு செய்த தட்டு ஒன்று இருக்கிறது. நான்கைந்து முறை முயன்றேன். வயலின்காரர்கள் பெண்வீட்டாராகவும் இவர்கள் மாப்பிள்ளை வீட்டாராகவும் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சாம்பார் வாளியைத் தவிர எதுவும் பரிமாறிக்கொள்ளவில்லை. நால்வரும் தனியாக இருக்கும்போது செவ்வியல் என்று எதையும் அறிவிக்காமலேயே அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அறுபது பேரை அழைத்தால் வர மறுக்கிறது. பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் 1968-இல் வெளியிட்ட தட்டைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. அதன் பெயர் மல்லிகை மரத்தடியில். மதுரையில் குடியிருக்கிற எனக்கு, மரத்தடியில் உட்காரும் அளவுக்கு மல்லிகையை எங்கே கண்டார்கள் என்பதிலேயே கவனம் போய்விட்டது.

அம்மாவுக்குப் பிடித்த தட்டு ஒன்று உண்டு. பாரிஸின் ஸ்விங்கிள் சிங்கர்ஸ் குழுவோடு சேர்ந்து செய்த பிளாஸ் வாண்டோம், 1966. எட்டுப் பேர் சொல் எதுவும் இல்லாமல் ‘ப த ப த’ என்று பாக்கைப் பாடுவார்கள். இவர்கள் நால்வரும் உடன் வாசிப்பார்கள். அதில் பழைய ஆங்கில இசையமைப்பாளர் பர்செல்லின் ஓபராவில் டைடோ ராணி சாகும் முன் பாடும் பாட்டும் இருக்கிறது. அடியில் பேஸ் வரி படியிறங்குவதுபோல் இறங்கும். முடிந்ததும் முதல் படியிலிருந்து மறுபடி இறங்கும். மேலே என்ன நடந்தாலும் அது இறங்குவதை நிறுத்தாது. கதையைச் சொல்லாமலேயே, “யாரோ செத்துப்போகிறார்கள், இல்லையா?” என்று கேட்டார். ஒப்பாரி கேட்டுக் கேட்டு வளர்ந்த காது.

எனக்குப் பிடித்தது 1973 நவம்பரில் பதிவான புளூஸ் ஆன் பாக். ஜாஸையும் பாக்கையும் கலக்கிறேன் என்று கிளம்பியவர்கள் இருபது வருடம் கழித்து, கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தட்டு. ஒன்பது படைப்புகள். ஒற்றை எண்ணில் வருவது பாக். அங்கே லூயிஸ் பியானோவை விட்டு, அதற்கு முந்தைய காலத்து விசைக்கருவியான ஹார்ப்ஸிகார்டில் உட்காருகிறார். இரட்டை எண்ணில் வருவது புளூஸ், அங்கே பியானோ. நான்கு புளூஸின் ஆதாரச் சுருதிகளையும் வரிசைப்படுத்தினால் பி ஃபிளாட், ஏ, சி, பி. ஜெர்மானியர்கள் பி ஃபிளாட்டை ‘பி’ என்றும், வெறும் பி-யை ‘ஹெச்’ என்றும் எழுதுவார்கள். ஆக பி, ஏ, சி, ஹெச்: பாக்கின் பெயர். பாக்கே தன் பெயரை இப்படி ஸ்வரமாக்கி, தன் கடைசிப் பெரும் படைப்பின் ஒரு ஃபியூக்கில் வைத்திருக்கிறார். அந்த ஃபியூக் பாதியில் நின்றுவிடுகிறது. கைப்பிரதியில் ஓரிடத்தில் ஸ்வரங்கள் ஓய்ந்து, அதற்குமேல் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த ‘டக்’ பழக்கமான சத்தம்.

தட்டின் முதல் படைப்புக்கு வருத்தமா என்று பெயர், கேள்விக்குறியோடு. அச்சுப்பிழை என்று கை பரபரத்தது. இல்லை, லூயிஸ் அப்படித்தான் வைத்திருக்கிறார். பழைய ஆண்டு கழிந்துவிட்டது என்று தொடங்கும் லுத்தரன் பாடலுக்கு பாக் எழுதிய இசை அது. கடைசிப் படைப்பு பாக்கின் வெல் டெம்பர்ட் கிளேவியர் என்ற விசைக்கருவித் தொகுப்பின் முதல் தொகுதியிலிருந்து எட்டாவது பிரெலூட், அதாவது முன்னிசை. கிட்டத்தட்ட ஒன்றுமே மாற்றவில்லை. ஜாக்சன் அந்த மெட்டை அப்படியே எடுத்துப் பாடுகிறார். அதற்கு முன்னால் வந்த புளூஸும் இதுவும் ஒரே ஆளின் துக்கம் என்று தெரிந்துவிடுகிறது. பெர்சி ஹீத்தின் பேஸ் அடியில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பார்த்து நடக்கிறது.

அடுத்த ஆண்டே ஜாக்சன் விலகினார். இருபத்திரண்டு வருடம் கோட்டும் டையுமாக உலகம் சுற்றியும் கையில் நின்ற காசு போதவில்லை என்பது காரணம். 1974 நவம்பர் 25 அன்று நியூயார்க் ஏவரி ஃபிஷர் ஹாலில் கடைசிக் கச்சேரி என்று அறிவித்து வாசித்தார்கள். அது தட்டாகவும் வந்தது. கடைசிக் கச்சேரி என்றால் எப்போதும் கடைசி இல்லை. 1981-இல் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். கானி கே 1994, ஜாக்சன் 1999, லூயிஸ் 2001, ஹீத் 2005.

போன தைப்பொங்கலுக்குத் தூத்துக்குடி போயிருந்தபோது கப்பல் மாமாவைப் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டது, காதில் கருவி மாட்டியிருக்கிறார். கேசட்டை நினைவூட்டி, “ஃபொன்டெஸாவைப் பாதியில் வெட்டிவிட்டீர்களே மாமா, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்திருக்கலாமே?” என்று கேட்டேன். முப்பத்தைந்து வருடத்துக் குறை. அவர் யோசிக்கவே இல்லை.

“தொண்ணூறில் நாடா மெல்லிசு. டெக்கில் சிக்கிக்கொள்ளும். அறுபதுதான் நெடுநாள் உழைக்கும்.”

வீட்டுக்கு வந்து அந்தக் கேசட்டை எடுத்துப் பார்த்தேன். நாடா சுருங்கவில்லை, பூஞ்சை இல்லை, நீல மை மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. உழைத்துத்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்க வீட்டில் டெக் இல்லை.